அனஸ்டோமோசிஸ் என்றால் வயிற்றில் பை வைப்பதா?

கேள்வி:
அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் தாளில் 'எண்ட் டு எண்ட் அனஸ்டோமோசிஸ்' என்று இருக்கிறது. தேடினால் 'ஸ்டோமா', பை என்றெல்லாம் வருகிறது. அப்பாவுக்குப் பை எதுவும் வைக்கவில்லை. ஏதாவது விட்டுப்போய்விட்டதா?

பதில் 1:
எதுவும் விட்டுப்போகவில்லை, தம்பி. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஸ்டோமா என்றால் கிரேக்க மொழியில் வாய். இரண்டு சொல்லிலும் அந்த வாய்தான் இருக்கிறது, அதனால்தான் குழப்பம். குடலின் வாயை வயிற்றுத் தோலில் திறந்து வைத்தால் ஸ்டோமா, பை அதற்குத்தான். கெட்ட பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சமுள்ள இரண்டு வாய்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அனஸ்டோமோசிஸ். எண்ட் டு எண்ட் என்றால் முனையோடு முனை.

குடலின் கீழ்ப்பகுதியில் இப்படிச் சேர்த்ததும், வயிற்றுக்குள் உப்பு நீர் ஊற்றி, ஆசனவாய் வழியாகக் காற்றை ஏற்றிப் பார்ப்பதுண்டு. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான். குமிழி வருகிறதா என்று அத்தனை பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அரை நிமிடம் எனக்கு இன்னும் பழகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் இணைப்பு கசியலாம். காய்ச்சல், வயிறு உப்புவது, வலி கூடுவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

பதில் 2:
தாவரவியலிலும் இதே சொல் உண்டே? இலை நரம்புகள் பிரிந்து மறுபடி சேர்வதை இப்படித்தான் படித்தோம். அங்கே யாரும் தைக்கவில்லை.

பதில் 1:
ஆமாம், தானாகச் சேர்ந்திருந்தாலும் அதே பெயர்தான். கிளை பிரிந்து தீவுகளைச் சுற்றி வந்து மறுபடி கூடும் ஆற்றுக்கும் சொல்கிறார்கள். உங்கள் கையிலேயே ஒன்று இருக்கிறது: மணிக்கட்டின் இரண்டு தமனிகளும் உள்ளங்கையில் வளைவாகச் சேர்கின்றன. கையை இறுக்கி மூடி, இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரியுங்கள், உள்ளங்கை வெளுத்திருக்கும். அப்புறம் சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விடுங்கள். பெரும்பாலோருக்குச் சில நொடிகளில் கை முழுக்கச் சிவந்துவிடும். மணிக்கட்டுத் தமனியில் ஊசிக்குழாய் போடும் முன் இப்படிப் பார்ப்பதுண்டு.

பதில் 3:
தமிழில் 'பிணைப்பு' என்றால் போதாதா?

பதில் 1:
எனக்கு 'வாயிணைப்பு' பிடிக்கும். பிணைப்பு என்றால் இரண்டு கயிற்றைக்கூடப் பிணைக்கலாம், உள்ளே வழி இருக்க வேண்டியதில்லை. இங்கே வழி திறந்தால்தான் வேலை முடிந்தது. ஆசனவாய், புண்வாய், கால்வாய் என்று எத்தனை வாய் வைத்திருக்கிறோம், இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. காய்ச்சல் இல்லை. காலையில் மலம் போனது.

பதில் 1:
சரி, வழி திறந்திருக்கிறது. சாப்பாடு மட்டும் டாக்டர் சொன்ன கணக்கில் கொடுங்கள்.