சீபி 500 எக்ஸ் எடுத்தேன், முதல் ஓட்டத்திலேயே மனம் விட்டுப்போயிற்று. விற்கவா, வைத்துப் பார்க்கவா?

கல்லடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். ஹொண்டா சீபி 500 எக்ஸ் மோட்டார் சைக்கிள், 2016 மொடல். 2020 வாகன இறக்குமதித் தடைக்கு முன்னமே நாட்டுக்கு வந்த வண்டி. கண்டியில் ஒருவர் பாவித்ததை வாங்கி, மகியங்கனை, பதியத்தலாவை, மகாஓயா, செங்கலடி வழியாக நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போடும்போதே, இதை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

குறைகளைச் சொல்கிறேன். மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு றோட்டில் வண்டி சாய மறுக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் ஒரேயடியாக உள்ளே விழுகிறது. சந்தைப் பக்கம் சன நெரிசலில் மெதுவாகப் போனால் ஹேண்டில் நேரே நிற்காமல் இடமும் வலமும் அலைகிறது. மகாஓயா தாண்டி நேர் றோட்டில் 80ஐத் தொட்டதும் யாரோ ஹெல்மெட்டைப் பிடித்து உலுப்புவது போல இருக்கிறது. பள்ளத்தில் பின்சில்லு விழுந்தால் இடுப்பில் அடி. எஞ்சினும் 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பல், கியர் விட்டு அக்ஸிலேற்றரைத் தொட்டால் ஒரு வெட்டு வெட்டித்தான் நகர்கிறது.

எனக்கு வேலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம். பாதி கார்ப்பெட் (தார் றோட்டு), பாதி கிறவல். அங்கே முன்சில்லு வழுக்கிக்கொண்டே போகிறது. இதற்கு முன் வைத்திருந்த 150 சீசீ வண்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. திருகோணமலையில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடவா?

சம்மாந்துறை மச்சான்:

கொடுங்கள். அட்வெஞ்சர் என்று பெயர் வைத்தால் கிறவலுக்கு என்று அர்த்தமா? 2018 வரைக்கும் வந்த சீபி 500 எக்ஸில் முன்சில்லு 17 அங்குலம், ரோட் வண்டிச் சில்லு. ஹொண்டாவே 2019இல்தான் அதை 19 ஆக்கியது. வெல்லாவெளிக் கிறவலுக்கு 21 அங்குலச் சில்லுள்ள றோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் மாதிரி ஏதாவது பாருங்கள். நான் சொன்னால் சொன்னதுதான்.

அக்கரைப்பற்று நானா:

தம்பி, அவசரப்பட வேண்டாம். மச்சான் சில்லைப் பற்றிச் சொன்னது சரி, அதைப் பிறகு பேசுவோம். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதிக்கு மேல் வண்டியின் குணம் இல்லை. முந்திய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன குணம்.

முதலில் டயர். சாய மறுத்துப் பிறகு ஒரேயடியாக விழுகிறது என்றால் பின் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கும். நேர் றோட்டிலேயே ஓடிய டயர் அப்படித்தான் ஆகும். சாய்க்கும்போது அந்தத் தட்டையின் விளிம்பில் ஏறி இறங்க வேண்டும், அதைத்தான் நீங்கள் உணர்கிறீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். டயர் வெட்டு ஆழமாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கலாம். அப்புறம் காற்று. இந்த வண்டிக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ, டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பெற்றோல் ஷெட்டில் பையன் மனம்போனபடி அடித்து விடுவான், சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போகையில் ஹேண்டில் அலைகிறது என்றால் ஹேண்டில் கழுத்துப் பெயரிங்கில் எனக்குச் சந்தேகம். முன்சில்லை நிலத்தில் இருந்து தூக்கி, ஒரு விரலால் ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் தள்ளுங்கள். சரி நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி 'டிக்' என்று நின்றால் பெயரிங் போய்விட்டது. எங்கும் நிற்காமல் ஆனால் இறுக்கமாகத் திரும்பினால் யாரோ நட்டை அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருக்கிறார். இந்த வண்டிக்கு நடு ஸ்டாண்ட் கொம்பனியில் இருந்து வராது. தூக்கும்போது ஜாக்கை எக்ஸோஸ்ற் குழாயில் முட்டுக் கொடுக்க வேண்டாம், நசிந்துவிடும்.

பின் ஷொக்கில் ஸ்ப்ரிங் இறுக்கம் எந்தப் படியில் இருக்கிறது? அதைப் பார்த்து எழுதுங்கள். ஹெல்மெட்டை உலுப்புகிற எதிர்க்காற்று விஷயத்துக்கு ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. தெளிந்த றோட்டில் மெல்ல ஃபுட்றெஸ்டில் எழும்பி நில்லுங்கள். தலை முன் காற்றுத்தடுப்புக் கண்ணாடிக்கு மேலே வந்ததும் உலுப்பல் நின்று வெறும் காற்று மட்டும் வந்தால் குற்றம் கண்ணாடியின் மேல் விளிம்பில். நின்றாலும் உலுப்பினால் ஹெல்மெட்டைப் பாருங்கள்.

எஞ்சினைப் பற்றி மட்டும் நான் ஹொண்டாவுக்காகப் பேசுவேன். ஐரோப்பாவில் 2013இல் இருந்து நடைமுறைக்கு வந்த ஏ2 மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 35 கிலோவாற்றுக்கு மேல் அனுமதிக்காது. அந்தக் கோட்டுக்குள் சரியாக வந்து நிற்கிற மாதிரிச் செய்த 471 சீசீ எஞ்சின் இது. முழு இழுவை 7000 பக்கம்தான் வரும். 3000இல் ஆறாம் கியர் போட்டுவிட்டு இழுக்கவில்லை என்றால் அது என்ன செய்யும்? ஒரு கியர் குறையுங்கள். வெட்டி நகர்வது வேறு கதை. செயின் தொய்வையும் அக்ஸிலேற்றர் கேபிளையும் பாருங்கள். பிடியைத் திருப்பும்போது கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் 2 முதல் 6 மில்லிமீற்றர் வெற்று அசைவு இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் வெட்டத்தான் செய்யும்.

ஆரையம்பதி அக்கா:

நான் ஓட்டுவதில்லை, இதே வண்டியில் பின்னால் இருந்து போகிறவள். பில்லியன் சீற் தட்டை, பரவாயில்லை. ஆனால் பின்னால் ஆள் ஏறும்போது ஷொக்கை இறுக்கி, இறங்கியதும் தளர்த்தினால்தான் இரண்டு பேருக்கும் சுகம். எங்கள் வீட்டில் அவர் இறுக்குவார், தளர்த்த மறந்துவிடுவார். பிறகு தனியாகப் போய்வந்து இடுப்பு வலி என்று படுப்பார்.

கல்லடிக்காரன்:

நானா, நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தேன். பின் டயரில் 1417 என்று இருக்கிறது. அதாவது 2017இன் 14ஆம் வாரம். வண்டி 2016 மொடல், ஆகவே இது அதற்கு அடுத்த ஜோடியாக இருக்கலாம். நடுவில் ஒரு ஸ்கேலை வைத்தால் ஆடாமல் நிற்கிறது, அவ்வளவு தட்டை. காற்று முன்னால் 44, பின்னால் 31. யாரோ இரண்டையும் மாற்றி அடித்த மாதிரி.

ஷொக் கடைசிப் படியில் இருந்தது. அக்கா சொன்னது பொருந்துகிறது. முந்தியவர் ஒரு இரும்புக் கரியர் அடித்து அதில் பெரிய டொப் பொக்ஸ் வைத்திருந்தார், கூடாரச் சாமான் ஏற்றிக்கொண்டு போவாராம். ஷொக் வளையத்தைத் திருப்புகிற சீ ஸ்பெனர் ஒன்றை இரவல் வாங்கித் தளர்த்தினேன்.

ஹேண்டிலைப் பார்க்கத்தான் பெரிய பாடு. நம்ம மெக்கானிக் பாஸின் கராஜில் வளையில் கயிறு போட்டு முன்பக்கத்தைத் தூக்கினோம். விரலால் தள்ளினேன், நானா. சரி நடுவில் வந்து நின்றது. இன்னொரு தடவை தள்ளினாலும் அதே இடம். பாஸ் சிரித்துக்கொண்டே, மலைநாட்டில் ஓடிய வண்டி இவ்வளவு நேராக ஓடியிருக்கிறதே என்றார்.

எழும்பி நின்று ஓடினேன், உலுப்பல் இல்லை. அப்படியானால் கண்ணாடி. உயரமான கண்ணாடி ஒன்று போடவா?

அக்கரைப்பற்று நானா:

போட வேண்டாம். உங்கள் வண்டிக் கண்ணாடியை இரண்டு உயரத்தில் மாட்டலாம், எலன் கீ போதும். மேலே இருந்தால் கீழே இறக்குங்கள். கீழே இருந்தால் மேலே. இரண்டிலும் ஓடிப் பார்க்காமல் காசு செலவழிக்க வேண்டாம். நம்ம பக்கத்தில் இன்னொன்றையும் யோசியுங்கள். மேற்கில் இருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஓட்டமாவடிப் பாலத்தில் போயிருக்கிறீர்களா? உயரக் கண்ணாடி அதில் பாய் விரித்த மாதிரி நிற்கும். முன்காற்றுக்கு மருந்து என்று போடுவது பக்கக்காற்றுக்கு நோயாகிவிடும். அதோடு, தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு ஊருக்கு வெளியே சட்ட வேகம் 70. அதிவேகப் பாதையில் நம்மை விடவும் மாட்டார்கள். 80க்கு மேல் வருகிற உலுப்பலுக்குக் கண்ணாடி தேடுவது யாருக்காக?

டொப் பொக்ஸைக் கழற்றி வையுங்கள். பின்சில்லின் அச்சுக்கும் பின்னால், அவ்வளவு உயரத்தில் பாரம் தொங்கினால் முன்சில்லில் பாரம் குறையும். கிறவலில் வழுக்குவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சம்மாந்துறை மச்சான்:

எல்லாம் சரி நானா, டயர், பெயரிங் எல்லாம் மாற்றினாலும் சில்லு 17 தானே? அதற்கு என்ன வைத்தியம்?

அக்கரைப்பற்று நானா:

வைத்தியம் இல்லை. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. 17 அங்குலச் சில்லு குழியின் விளிம்பில் ஏறாது, மோதும். முன் டயர் 120 மில்லிமீற்றர், அகலம், கிறவலில் உருண்டைக் கல்லின் மேலே மிதக்கும். 19, 21 அங்குலச் சில்லு கிழித்துக்கொண்டு போகிற இடத்தில் இது தடுமாறும். 120/70, 160/60 என்பது பெரிய ரோட் வண்டிகளின் அளவு, அதனால் ரோட் டயர் தேடிப் பிடிக்கலாம். முன்னுக்குக் கிறவல் வெட்டுள்ள டயர் வேண்டும் என்றால் தெரிவு மிகக் குறைவு. தம்பி மணல் வழியாக வாகரைக் காட்டுக்குள் போகிற ஆள் என்றால் இன்றைக்கே திருகோணமலைக்குக் கொடுத்துவிடட்டும். கொக்கட்டிச்சோலைக் கிறவல் பஸ் ஓடுகிற கிறவல், அதற்கு இது தாராளம். காற்றை 30 பக்கம் இறக்கி, பிரேக்கை விட எஞ்சினில் வேகம் குறைத்துப் பழகினால் போய்வரலாம். கார்ப்பெட்டுக்கு வந்ததும் காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும், அதில் சோம்பல் கூடாது.

கல்லடிக்காரன்:

பெயரிங் கொழும்பில் கிடைத்தது, பாஸ் மாற்றிவிட்டார். பழையதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கீழ் வளையத்தில் கிரீஸ் இருந்த இடத்தில் சிவப்புத் துரு, அதில் குண்டுகள் நின்ற இடமெல்லாம் நகத்தால் தடவினால் தெரிகிற பள்ளம். தண்ணீர் பீச்சிக் கழுவுகிற இடத்தில் கழுத்துக்கு நேரே அடித்திருப்பார்கள் என்று பாஸ் சொன்னார்.

டயர் இன்னும் வரவில்லை, பழைய டயரிலேயே காற்றைச் சரியாக்கி ஓடுகிறேன். ஹேண்டில் அலைச்சல் போய்விட்டது, பஸார் நெரிசலில் கால் ஊன்றாமல் போகிறேன். பள்ளத்தில் இடுப்பில் அடிப்பதும் இல்லை. செயின் தொய்வைச் சரிசெய்தபின் வெட்டு பெருமளவு குறைந்தது, கேபிளில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சாய்க்கும்போது விழுவது அப்படியேதான், அது டயர் என்று இப்போது தெளிவு. கண்ணாடியைக் கீழே இறக்கியதும் சத்தம் கூடியது, உலுப்பல் இல்லை. சத்தத்துக்குக் காதில் பஞ்சு.

பிடிக்காதது இன்னும் இருக்கிறது. சீற் கல். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. கிறவலில் முன்சில்லை நம்பிப் போக மனம் வரவில்லை, மச்சான் சொன்னது உண்மைதான். ஆனால் போன கிழமை பொத்துவில் வரைக்கும் போய்வந்தேன், லீற்றருக்கு 27 கிலோமீற்றர் தந்தது. தாங்கி 17.5 லீற்றர், ஷெட்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. திருகோணமலைக்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன், டயர் போட்டு ஓடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

ஆரையம்பதி அக்கா:

சீற்றுக்கு இங்கேயே முச்சக்கரவண்டிக்குக் குஷன் அடிக்கிறவர்களிடம் கொடுங்கள். உறையைக் கழற்றி, முன்பக்கம் சரிவாக இருக்கிற பஞ்சை மட்டப்படுத்தி அடிக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். உயரத்தைக் கூட்டச் சொல்ல வேண்டாம், கால் எட்டாது.

அக்கரைப்பற்று நானா:

டயர் போடும்போது அச்சு நட்டை, அளவு பார்த்து முறுக்குகிற டோர்க் ஸ்பெனரால் முறுக்கச் சொல்லுங்கள், ஏபிஎஸ் சென்சரில் இடுக்கி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது ரப்பர் முதலில் வழுக்கும், கொஞ்சத் தூரம் ஓடும்வரை பெரிதாகச் சாய்க்க வேண்டாம்.

சம்மாந்துறை மச்சான்:

நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்த டொப் பொக்ஸ் சும்மா கிடக்கிறது என்றால் விலை சொல்லுங்கள், நான் எடுக்கிறேன்.