பனி உருகியபின் ரோஸ் கேம்பியன் அழுகுவது ஏன்?

முற்றத்துமல்லி (ஸ்காபரோ):
வணக்கம். மென்மயிர் படர்ந்த வெள்ளிச் சாம்பல் இலைகளுக்காகவும், கோடை தொடங்கும்போது மலரும் மெஜந்தா நிறப் பூக்களுக்காகவும் வீட்டு முன்பாத்தியில் ரோஸ் கேம்பியன் வளர்த்து வருகிறேன். சென்ற ஆண்டு நிறையப் பூத்த செடிகளை இந்த ஏப்ரலில் பனி உருகியபின் பார்த்தால், நடுக்குருத்து கறுத்துக் கூழாகி, தொட்டதும் கையோடு வந்துவிடுகிறது. நடைபாதைக் கற்களின் இடுக்கில் தானாக முளைத்த கன்றுகளோ பழுதின்றி நிற்கின்றன. பாத்தி மண் களிமண்; குளிருக்குப் பாதுகாப்பாக மக்கு உரமும் மரச்சீவல் மூடாக்கும் இட்டிருந்தேன். கடுங்குளிர்தான் காரணமா?

வேலியோரம் (மிசிசாகா):
குளிரை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது, அக்கா. தென்கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை இயல்பாக வளரும் இச்செடி, வேரடியில் நீர் தேங்காதவரை மைனஸ் 30 பாகை செல்சியஸ் அளவுக் குளிரையும் தாங்கக்கூடியது. உங்கள் களிமண் பனிநீரை வடிய விடவில்லை. அதன்மேல் மூடாக்கு குருத்தை ஒட்டிக் கிடந்து ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. கல்லிடுக்கில் நீர் உடனே வடிந்துவிடுவதால் அங்குள்ள கன்றுகள் பிழைத்துக்கொண்டன. பாத்தியைச் சற்று மேடாக்கி, பருமணலும் சிறு சரளையும் கலந்து, குருத்தைச் சுற்றி மரச்சீவலுக்குப் பதிலாகச் சரளையை மட்டும் பரப்புங்கள். உரம் வேண்டாம், கொழுத்த மண்ணில் தண்டுகள் நெகிழ்ந்து சாய்ந்துவிடும். நாள் முழுதும் வெயில் படும் இடமே இதற்கு உகந்தது.

கீழைக்காற்று (லண்டன்):
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் ஊரிலும் மழை மிகுந்த குளிர்காலமே இச்செடியைக் கொல்கிறது. ஆனால் ஒன்றையும் சேர்த்துக் கருத வேண்டும். இது ஈராண்டுச் செடியாகவோ சில ஆண்டுகளே வாழும் பல்லாண்டுச் செடியாகவோதான் இருக்கும். முதலாண்டில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தும், மறு ஆண்டில் இரண்டு, மூன்று அடி உயரப் பூந்தண்டுகளும் வரும். ஆகவே தாய்ச்செடியைக் காப்பதைவிடக் கன்றுகளைத் தொடர்ந்து உருவாக்குவதே உறுதியான வழி. வாடிய பூக்களைக் கிள்ளினால் பூக்கும் காலம் நீளும். எனினும் கோடை முடிவில் சில தண்டுகளையாவது விட்டுவையுங்கள். விதைக்கூடு காய்ந்து பழுப்பாகி, நுனி சிறு பற்களாகப் பிளந்ததும், அதை ஓர் உறைக்குள் கவிழ்த்துத் தட்டினால் கரிய நுண்விதைகள் உதிரும். அவற்றை மண்ணின்மேல் தூவி இலேசாக அழுத்தினால் போதும். ஆழமாக மூட வேண்டாம். மே, ஜூனில் விதைத்தவை அடுத்த கோடையில் பூக்கும்.

வேலியோரம் (மிசிசாகா):
கல்லிடுக்குக் கன்றுகளை இலைக்கொத்து சிறிதாக இருக்கும் இப்போதே, வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்து நடலாம். குருத்து மண்மட்டத்துக்குக் கீழே புதையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றி, பிறகு மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் ஊற்றுங்கள். அதையும் இலைகளின்மேல் படாமல் அடியில் ஊற்றுவது நல்லது.