தொண்டு நிறுவனத்தில் கணக்காளர் பணி: என் தன்விவரக் குறிப்பில் என்ன குறை?

வினா

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் தெருவில் நான்கு ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தி வருவதால், இனித் தொண்டு நிறுவனப் பணிதான் என்று முடிவு செய்துவிட்டேன். திட்டக் கணக்காளர் பணிக்குப் பதினோரு இடங்களில் விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. என் குறிப்பு இப்படித்தான் தொடங்குகிறது: "சமூக சேவையில் தீராத ஆர்வமும் கடின உழைப்பும் கொண்ட நான், ஏழை எளியோருக்கு இயன்றதைச் செய்ய விரும்புகிறேன்." அதன் கீழே பிள்ளைகளோடு எடுத்த புகைப்படம் இருக்கிறது. அனுபவம் என்ற இடத்தில் "கணக்குப் பராமரிப்பு, டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ்" என்று எழுதியிருக்கிறேன். மொத்தம் நான்கு பக்கங்கள். எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரி, ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்துகொண்டு இத்தகைய விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். உங்கள் முதல் வாக்கியம் ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கிறது. அதனால் அதைக் கொண்டு உங்களைத் தனியாக அடையாளம் காண முடிவதில்லை. எங்களிடம் வரும் பணம் எங்களுடையதன்று. பள்ளிக் கழிப்பறைக்கென்று ஒருவர் தந்த தொகையிலிருந்து அலுவலக வாடகை கொடுக்க முடியாது என்பதால், ஒவ்வொரு கொடைக்கும் தனிச் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் தர வேண்டியிருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை என்றால் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். 2010ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பணமும் முதலில் ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வந்தாக வேண்டும். வணிக நிறுவனங்கள் தரும் சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்பு நிதிக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு இருக்கிறது. இவற்றில் அனுபவம் உள்ளதுபோல எழுதிவிடாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும். இதற்கு நெருக்கமான வேலையை நீங்கள் ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள் என்பதே என் எண்ணம். ஏற்றுமதிக் கணக்கில் ஒவ்வொரு ஆர்டருக்கும் செலவைத் தனியாகப் பிரிப்பீர்கள் அல்லவா? அதைச் சொல்லுங்கள்.

வினா கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஆர்டர் கணக்கை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. இப்படி மாற்றியிருக்கிறேன்: "ஒரே சமயத்தில் 12 ஆர்டர்கள் வரை நூல், சாயம், தையல் கூலி ஆகியவற்றை ஆர்டர் வாரியாகப் பிரித்து, மதிப்பீட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை மாதந்தோறும் அறிக்கையாக அளித்தேன். வாங்குவோர் அனுப்பும் தணிக்கையாளர்களுக்குச் சம்பளப் பதிவேடு, பிஎஃப், இஎஸ்ஐ ஆவணங்களைத் தயார் செய்து காட்டினேன்." இது போதுமா? மாலை வகுப்புக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. அதை எழுதலாமா, அல்லது விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி 2

அன்புள்ள தங்கைக்கு, நான் குழந்தைகள் திட்டம் ஒன்றை ஒருங்கிணைத்து வருகிறேன். கட்டாயம் எழுதுங்கள், சான்றிதழ் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஆனால் அந்தப் புகைப்படத்தை இன்றே நீக்கிவிடுங்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளின் முகம் ஊர் ஊராகச் செல்லும் விண்ணப்பத்தில் இருப்பதைப் பார்த்தால், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் தயங்கும். அழைப்பு வராததற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். எத்தனை பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள், நோட்டுக்கும் சிற்றுண்டிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எழுதுங்கள்.

வினா கேட்டவர்

புகைப்படத்தைப் பற்றி இப்படி நினைத்துப் பார்க்காததற்கு மிகவும் வருந்துகிறேன் அக்கா, எடுத்துவிட்டேன். பிள்ளைகள் 23 பேர். வாரம் ஐந்து நாள் வகுப்பு. தெருவில் பதினாறு வீடுகளில் மாதம் வீட்டுக்கு இருநூறு ரூபாய் தருகிறார்கள். அந்த 3,200 ரூபாய்க்கும் கடைப் பில்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒட்டி, மாதக் கடைசியில் மீதித் தொகையோடு ஒரு தாளில் எழுதி வகுப்பின் கதவில் ஒட்டிவிடுவேன். ஒரு மாதம் பென்சில் பெட்டிக்கு வாங்கிய பில் தொலைந்துவிட்டதால் அந்த 85 ரூபாயை நானே போட்டேன்.

மறுமொழி 1

சகோதரி, கதவில் ஒட்டும் அந்தத் தாள்தான் உங்கள் குறிப்பின் முதல் வரியாக இருக்க வேண்டும். பிறர் பணத்தை வாங்கி, பில்லோடு செலவிட்டு, கொடுத்தவர்கள் கண்முன் கணக்கு வைப்பதற்குத்தான் நாங்கள் ஆள் தேடுகிறோம். பென்சில் பெட்டிச் செய்தியை எழுத வேண்டாம். நேர்காணலில் கேட்டால் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் இசைந்தால் அவரைப் பரிந்துரையாளராகக் குறிப்பிடுங்கள். இரண்டு பக்கங்களுக்கு மேல் போக வேண்டாம்.

வினா கேட்டவர்

தலைமையாசிரியை இசைவு தந்துவிட்டார். இரண்டு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். விண்ணப்பம் இன்றிரவு போகிறது.