தால் பூரியை நிறுத்தாதீர்கள், மூன்று மணியைப் பாருங்கள்

பேசுபொருள்: 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள். சாப்பாடென்றால் உயிர், ஓடச் சொன்னால் முகம் சுளிப்பு. சொந்தக் கதை வேண்டாம். மொரீஷியஸில் பிள்ளைகளிடம் கண்டது, பலித்தது, கெட்டுப்போனது எல்லாம் அளவோடு எழுதுங்கள்.

உணவியல் ஆலோசகர், ரோஸ் ஹில்

எடைக்காக அழைத்துவரப்படும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி போதும்: பள்ளி விட்டதிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை என்ன சாப்பிட்டாய்? காலைக் கதையும் மதியக் கதையும் தடையில்லாமல் வரும். இந்தக் கேள்விக்கு அம்மா பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை தரையைப் பார்க்கும்.

காலையில் அவசரமாக ஒரு டீ, இரண்டு பிஸ்கட். மதியச் சோற்றுப் பெட்டி பாதி அப்படியே திரும்பி வரும். இரண்டரைக்குப் பள்ளி விட்டால் அடுத்து டியூஷன். நடுவில் காய்ந்த வயிறு, பையில் காசு, வாசலில் எண்ணெய்ச் சட்டியோடு வண்டிக்காரர். பள்ளிக் கேன்டீனில் குளிர்பானமும் பொரித்த பண்டமும் விற்கக் கூடாதென்று 2009-இல் விதி வந்தது. நல்ல விதிதான், ஆனால் அதன் கை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒரு பேன் மெஸோன் ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, ஐந்து காத்தோ பிமா (மிளகாய் போட்ட சின்னப் பருப்பு வடை) வைத்து, கூட அரை லிட்டர் கோலா. என் கணக்கில் 700 முதல் 800 கலோரி. அதாவது முழுச் சாப்பாடு ஒன்று. அதன் பிறகும் எட்டு மணிக்கு வழக்கமான சோறு உண்டு. இப்படிப்பட்ட பிள்ளையை ஜிம்முக்கு அனுப்பி என்ன ஆகப்போகிறது? 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் 150 கலோரி செலவாகும். அந்தக் கோலா ஒன்றே 200-ஐத் தாண்டும்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது குடிக்கும் சர்க்கரை. சாப்பிடும் எதையும் அப்போது தொடாதீர்கள். வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல் சர்க்கரை, அரை லிட்டரில் ஏறத்தாழ 53 கிராம், பதிமூன்று தேக்கரண்டி. சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது ஒரு நாளைக்கு 50 கிராம். ஒரே பாட்டிலில் முடிந்துவிட்டது. அலூடா என்னும் குளிர்ந்த பால் பானமும் இந்தக் கணக்கில்தான் வரும். சப்ஜா விதை குளிர்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது, அதில் சிரப்பும் ஐஸ்கிரீமும் இருக்கின்றன. அது வாரம் ஒருமுறை, சின்ன டம்ளரில்.

குடிப்பது நின்று மூன்று வாரம் ஆன பிறகு ஐந்து காத்தோவை இரண்டாக்குங்கள். பருப்பு அடைத்த மெல்லிய ரொட்டியான தால் பூரியை நான் நிறுத்தச் சொல்வதே இல்லை. ஒரு ஜோடி, உள்ளே க்ரோ ப்வா (பெரிய வெள்ளை அவரைப் பயறு) கறி கூடுதலாக, அஷார் (காய்கறி ஊறுகாய்) கூடுதலாக: பருப்பும் பயறும் காய்கறியும் சேர்ந்த நல்ல உணவு. இரண்டாவது ஜோடியும் கூடக் குடிக்கும் பாட்டிலும்தான் வினை. மின் ஃப்ரி கேட்கும் பிள்ளைக்கு மின் புயி, அதாவது வறுத்த நூடுல்ஸுக்குப் பதில் வேகவைத்தது. ஆவியில் வெந்த உருண்டைகள் விற்கும் புலெத் வண்டியில் நியுக் யென் நல்ல தேர்வு, அது சௌசௌவில் செய்த உருண்டை.

பள்ளிக் கேன்டீன் சமையல், போ பாஸேன்

அக்கா சொல்லும் மூன்று மணிப் பசிக்குச் சுண்டலைவிட நல்லது வேறில்லை. 70 கிராம் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, உப்பிட்டு வேகவைத்தால் ஒரு கப் வரும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். புரதம் 14 கிராம் அளவுக்கு இருக்கும், நார்ச்சத்து வேறு. டியூஷன் முடியும்வரை தாங்கும்.

பலர் தவறுவது தேங்காயில். காலை ஆறரைக்குத் தேங்காய் போட்டு மூடிய சுண்டல், ஜனவரி வெயிலில் மூன்று மணிக்குள் ஊசிப்போகும். பிள்ளை ஒருமுறை முகர்ந்து பார்த்தால் போதும், அப்புறம் சுண்டல் என்ற பேச்சே எடுக்க முடியாது. தேங்காய்க்குப் பதில் துருவிய பச்சை மாங்காய், எலுமிச்சைச் சாறு. கடலையைச் சூட்டோடு மூடாமல், ஆறிய பிறகு மூடுங்கள். சுண்டல் வேண்டாமென்றால் அவித்த முட்டை இரண்டு, அல்லது மிளகாய் உப்புப் போட்ட அன்னாசி. அன்னாசிக்கு வண்டிக்காரர் சர்க்கரை தூவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சமையல், கத்ர் போர்ன்

எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1987-இல் இந்த நாட்டு ரேஷன் எண்ணெயைப் பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். ஐந்தே ஆண்டில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியது. உலகம் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சாதனை அது. ஆனால் அதே ஐந்து ஆண்டில் எடை கூடியவர்கள் குறையவில்லை, பெருகினார்கள். எண்ணெய் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதானே. நல்ல எண்ணெய் என்று தாராளமாக ஊற்றும் கைதான் இங்கே பிரச்சினை.

பாட்டிலை நேராகச் சட்டியில் கவிழ்க்காதீர்கள், தேக்கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். ஆளுக்கு மாதம் 600 மில்லி என்று வைத்தால் நால்வருக்கு 2.4 லிட்டர். மாதத் தொடக்கத்தில் அந்த அளவைத் தனியே எடுத்து வையுங்கள். இருபதாம் தேதி தீர்ந்தால் எங்கே போகிறதென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ருகாய் என்னும் தக்காளிக் குழம்பிலும் வறுத்த கத்தரிக்காயிலும்.

காத்தோ பிமாவுக்கு: 250 கிராம் கடலைப்பருப்பு, எட்டு மணி நேர ஊறல், நன்றாக வடித்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். மாவு நீர்த்துப்போனாலும் மையாக அரைபட்டாலும் எண்ணெய் குடிக்கும். சட்டியில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து போட்டாலும் அதே கதிதான்: சூடு இறங்கி, மேல் ஓடு கட்டத் தாமதமாகி, அதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும். 170 முதல் 180 டிகிரி, ஐந்தாறுக்கு மேல் போடாதீர்கள், எடுத்ததும் காகிதத்தில் குவிக்காமல் கம்பி வலையில் வையுங்கள்.

ஏர் ஃப்ரையரில் செய்பவர்கள் கல்லு மாதிரி வருகிறது என்று கைவிடுகிறார்கள். மாவில் ஈரம் போதாததுதான் காரணம். கால் கப் துருவிய சௌசௌ சேர்த்து, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டையாகத் தட்டி, மேலே எண்ணெய் தடவி 180 டிகிரியில் 12 நிமிடம், பாதியில் திருப்பிவிட வேண்டும். வண்டிக்கடை ருசி வராது. வரும் என்று பிள்ளையிடம் பொய் சொல்லவும் வேண்டாம்.

சுகாதார நிலையச் செவிலியர், தெற்குப் பகுதி

பெரியவர்களுக்கான பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) அட்டவணையைப் பிள்ளைக்குப் போட்டு அழவைக்கிறார்கள். 5 முதல் 19 வயது வரை வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் தனித்தனி உலக சுகாதார நிறுவன வரைகோடு உண்டு. அதில்தான் புள்ளி வைக்க வேண்டும்.

வளரும் பிள்ளை எடையைக் குறைக்க வேண்டியதே பல நேரம் இல்லை, ஏறாமல் நிறுத்தினால் போதும். 150 சென்டிமீட்டர், 56 கிலோ உள்ள 13 வயதுப் பையனுக்கு பி.எம்.ஐ 24.9. அதே 56 கிலோவோடு 160 சென்டிமீட்டர் வளர்ந்தால் 21.9. ஒரு கிலோகூடக் குறையாமல் நடந்த மாற்றம் அது. பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்புக் காலம் சிறிது. பூப்படைந்த பிறகு உயரம் கூடுவது சீக்கிரம் மெதுவாகி நின்றுவிடும். அதனால் பையனுக்குச் சொல்லும் அதே கணக்கைத் தங்கைக்கும் சொல்லாதீர்கள்.

வீட்டில் பார்க்க ஒரு நூல் போதும். பிள்ளையின் உயரத்துக்கு நூலை வெட்டி இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சு விட்ட நிலையில், அந்தப் பாதி நூல் வயிற்றைச் சுற்றி வந்தால் நல்லது. வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். எடை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் மெஷினில் ஏற்றினால் நீரின் ஏற்ற இறக்கத்தைத்தான் காண்பீர்கள்.

இன்னொன்று கழுத்து. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை இருந்தால் அதை அழுக்கென்று எண்ணி எலுமிச்சையும் மஞ்சளும் போட்டுத் தேய்க்கிறார்கள். தோல் புண்ணாகுமே தவிரக் கருமை போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கழுத்துக் கருமையோடு மாதவிலக்கும் தவறினாலோ, அடிக்கடி சிறுநீர், தாகம் இருந்தாலோ இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உடற்கல்வி ஆசிரியர், வாக்குவா

ஓடப் பிடிக்காததைச் சோம்பல் என்று முடிவு கட்டுவது நம் பிழை. கனத்த பிள்ளைக்கு ஓடினால் தொடை உரசிப் புண்ணாகிறது, மூச்சு வாங்குகிறது, பின்னால் சிரிப்பொலி கேட்கிறது. யாருக்குத்தான் பிடிக்கும்? உள்ளே இறுக்கமான சைக்கிள் ஷார்ட்ஸும் தொடையில் கொஞ்சம் வாசலினும் கொடுத்தால் பாதி மறுப்பு போய்விடும்.

இவர்களுக்கு ஓட்டம் வராது, பலம் வரும். சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 முறை, நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைத் தலைக்கு மேல் தூக்குவது 10 முறை. மூன்று சுற்று, 12 நிமிடம், வாரம் மூன்று நாள். ஒல்லிப் பையன்களைவிட நன்றாகச் செய்வார்கள், அதைக் கண்டால் அவர்களே தொடர்வார்கள். கடலுக்குப் போனால் நீர் உடல் எடையைத் தாங்கும், மூட்டு வலிக்காது. சட்டையோடு இறங்குகிறேன் என்றால் இறங்கட்டும். கழற்று என்று வற்புறுத்தியவுடன் அந்தப் பிள்ளை கடற்கரைக்கே வராது.

2005 முதல் மாணவர்களுக்குப் பேருந்து இலவசம், அது நல்ல காரியம். ஆனால் ஒரே ஒரு நிறுத்தத்துக்கும் ஏறிவிடுகிறார்கள். இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், போக வர. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றம் மட்டுப்படும். நடை என்று சொல்லாதீர்கள், கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வா என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 60 நிமிட அசைவு என்பது பரிந்துரை, ஆனால் அந்த எண்ணை முதல் நாளே சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. கனத்த பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் தைலம் தடவிக் காத்திருக்காதீர்கள். இடுப்பு மூட்டின் பந்து நழுவுவது வளரும் வயதில் உண்டு, வலி சில நேரம் முழங்காலில் மட்டுமே தெரியும். அன்றே இடுப்புக்கு எக்ஸ்ரே, அதுவரை கால் ஊன்றவிடக் கூடாது.

கோயில் சமையல் தொண்டர், கியூர்பிப்

காவடி விரதம் பத்து நாள், சைவம். பிள்ளை இளைத்துவிடும் என்று நினைப்பார்கள். மீனும் கோழியும் நின்ற இடத்தில் ரொட்டி, உருளைக்கிழங்கு பொரியல், சர்க்கரை டீ வந்து உட்கார்ந்தால் இளைப்பது எப்படி? பருப்பு, க்ரோ ப்வா, தயிர் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். முழு நாளும் பட்டினி கிடந்து குறையும் இரண்டு கிலோ பெரும்பாலும் நீர், அடுத்த வாரமே திரும்பிவிடும். கோடையில் காவடி எடுக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் குறைந்தால் மயக்கமும் வரும்.

ஏழு கறி இலையை யாரும் பழிக்க வேண்டாம். அதில் காய்கறியே அதிகம். முதலில் ரசம் ஒரு கிண்ணம், அடுத்துக் கறிகள், சோறு நடுவில் ஒரு கைப்பிடி, தேவைப்பட்டால் மறுகைப்பிடி. பாயசம் சின்னக் கிண்ணம். இலையில் முதலில் சோற்றைக் குவித்துவிட்டுக் கறிகளை ஓரத்தில் தொட்டுவைக்கும் பரிமாறல்தான் தப்பு. வீட்டிலும் ப்ரெத் முரும் சூப்பை, நம் முருங்கைக்கீரைதான், சோற்றுக்கு முன் வையுங்கள். பீர்க்கங்காயைப் பிப்பங்காய் என்று கிரியோலில் கேட்டால் சாப்பிடும் பிள்ளை, தமிழில் சொன்னால் ஓடுகிறது. அது வேறு கவலை.

உணவியல் ஆலோசகர், ரோஸ் ஹில்

டீச்சர் சொன்னதோடு தூக்கத்தையும் சேர்க்க வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். நள்ளிரவு வரை போன் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்கு மறுநாள் இனிப்பும் எண்ணெயும்தான் கண்ணில் படும். சார்ஜரைக் கூடத்தில் வையுங்கள்.

மேலே எழுதிய கலோரிக் கணக்கெல்லாம் சமைப்பவருக்கு. பிள்ளையை எண்ணவைக்காதீர்கள், குண்டு என்று கூப்பிடும் மாமாவையும் நிறுத்துங்கள். சாப்பிட்டதும் குளியலறைக்குள் போவது, ஒளித்துவைத்துத் தின்பது, வேளை வேளையாகச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, மூன்று மாதம் விலக்கு நிற்பது, எழுந்தால் தலை சுற்றுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இணையத்தில் விற்கும் இளைக்கும் டீயும் மாத்திரையும் எந்தப் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம்.

கேன்டீன் தம்பிக்கு ஒரு கேள்வி: கொண்டைக்கடலைக்குப் பதில் க்ரோ ப்வாவில் சுண்டல் செய்தால் தோல் கழன்று குழைகிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

பள்ளிக் கேன்டீன் சமையல், போ பாஸேன்

குக்கரில் வைக்காதீர்கள் அக்கா. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, அப்புறம் சிறு தீயில் 40 நிமிடம். புளிப்பு எதையும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும், முன்னால் சேர்த்தால் வேகாது. வெந்ததும் அந்தத் தண்ணீரிலேயே ஆறவிட்டு வடியுங்கள், தோல் நிற்கும்.