குறுங்குழல் பெருவடிவக் கைத்துப்பாக்கிகளால் உண்மையில் என்ன பயன்?

வெலிமடைத் தோட்டக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் வசிக்கும் என் மச்சான் ஏ.ஆர். 15 வகையைச் சேர்ந்த, ஏழரை அங்குலக் குழலும் முப்பது தோட்டா கொள்ளும் மகசினும் உடைய, ஆனால் தோளில் அணைக்கும் கட்டை இல்லாத ஒரு துப்பாக்கியை வாங்கியிருக்கிறார். அந்நாட்டுச் சட்டத்தில் அது கைத்துப்பாக்கியாகவே கணிக்கப்படுகிறதாம். எங்கள் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டிருக்கும் படத்தை அனுப்பியபோது, இப்படியொன்று உங்களிடம் இருந்தால் சொட்கனைத் தூக்கித் திரியத் தேவையில்லை என்று எழுதினார். அதை இங்கே இலங்கையில் வைத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்கு நான் வழி கேட்கவும் இல்லை. சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கருவியாக மட்டும் பார்த்தால், இதற்கு நடைமுறைப் பயன் உண்டா, அல்லது காட்சிக்கு அழகான பொருள்தானா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

தியத்தலாவை (ஆயுதத் திருத்துநர், ஓய்வு):
தம்பி, முதலில் தோட்டாவையும் குழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ.ஆர். 15 வகை வழக்கமாகச் சுடும் 5.56 மில்லிமீற்றர் தோட்டா 20 அங்குலக் குழலுக்காக உருவாக்கப்பட்டது; அதன் வெடிமருந்து மெதுவாக எரிந்து, குழலின் நீளம் முழுவதும் சன்னத்தைத் தள்ளிக்கொண்டே போகும். அந்தக் குழலிலிருந்து விநாடிக்கு 900 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் வெளியேறும் சன்னம், ஏழரை அங்குலக் குழலிலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர் வேகத்திலேயே வெளியேறுகிறது. இந்தச் சிறிய, இலேசான சன்னத்தின் வலிமை முழுவதும் வேகத்திலேயே தங்கியிருப்பதால், அந்த இழப்பு சாதாரணமானதன்று. எரிந்து முடியாத மருந்தோ வாய்முனைக்கு வெளியே தீப்பிழம்பாகவும் பேரோசையாகவும் வீணாகிறது. 140 டெசிபெல்லைத் தாண்டிய வெடியோசை செவியைக் கெடுக்கும் என்பர். இத்தகைய துப்பாக்கிகள் 160ஐயும் தாண்டுகின்றன. இரவில் சுட்டால், முதல் வேட்டுக்குப் பின் சிறிது நேரத்துக்கு உங்கள் கண்ணுக்கு எதுவும் புலப்படாது.

அடுத்தது பிடிமானம். கட்டை இல்லாதபோது தோளும் கன்னமும் தரும் ஆதாரம் போய்விடுகிறது. இரண்டு கிலோகிராமுக்கும் அதிகமான எடையைக் கைகள் மட்டுமே தாங்க வேண்டும். கழுத்தில் வாரை மாட்டி, துப்பாக்கியை முன்னோக்கித் தள்ளி, வாரை விறைப்பாக வைத்துச் சுடும் முறை ஒன்று உண்டு. பயிற்சியுள்ளவருக்கு அது கிட்டத்தில் உதவும். ஐம்பது மீற்றருக்கு அப்பால் ஓடும் பன்றிக்கு உதவாது. இடுப்பு உறையில் செருகவும் முடியாமல், தோளில் வைத்துக் குறிபார்க்கவும் முடியாமல், இரண்டு வகையின் குறைகளையும் ஒன்றாகச் சுமக்கும் கருவி என்பதே என் தீர்ப்பு.

ஹூஸ்டனில் ஒரு ஹட்டன்காரன்:
ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். தீர்ப்பை முழுமையாக ஏற்க இயலவில்லை. இந்த வடிவம் பிறந்ததற்குப் பாதிக் காரணம் சட்டமே. அமெரிக்காவின் 1934 ஆம் ஆண்டுத் தேசிய சுடுகலன் சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. அப்படியிருக்க ரைபிளின் குழலை அறுத்து ஒளித்து வைப்பதையும் தடுக்க வேண்டியிருந்தது. பின்னர் கைத்துப்பாக்கிகளை நீக்கிவிட்டார்கள். குறுங்குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. தோளில் அணைக்கும் கட்டையுள்ள ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் பதிவும் 200 டொலர் வரியும் வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தொடக்கத்திலேயே கட்டை இல்லாமல் செய்யப்பட்டிருந்தால் அது கைத்துப்பாக்கி. பின்னர் முன்கையைத் தாங்கும் பட்டை என்ற பெயரில் ஒரு துணைக்கருவி வந்தது. அது பூட்டிய துப்பாக்கியையும் ரைபிளாகக் கணிக்கும் விதி 2023 இல் அறிவிக்கப்பட்டு, 2024 இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றமொன்றால் செல்லாததாக்கப்பட்டது. இப்போது 2026 ஜனவரி முதல் அந்த வரியும் பூச்சியமாகிவிட்டது; பதிவு மட்டும் தொடர்கிறது. ஆகவே இங்கே பலர் இதை வாங்கியது கருவி சிறந்தது என்பதற்காக அன்று, படிவம் நிரப்பாமல் குட்டையான ஒன்றைப் பெறலாம் என்பதற்காகவே.

ஆனால் எல்லாப் பெருவடிவத் துப்பாக்கிகளையும் 5.56 ஐ வைத்து அளப்பது நியாயமன்று. 9 மில்லிமீற்றர் தோட்டாவின் மருந்து குறுகிய குழலிலேயே எரிந்து முடிகிறது. எட்டு அங்குலக் குழலில் அதற்கு நட்டமே இல்லை, சிறிது இலாபம்கூட உண்டு. 1976 இல் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 115 மில்லிமீற்றர் குழலோடு எம்.பி. 5 கே என்ற குட்டையான துணை இயந்திரத் துப்பாக்கியை வெளியிட்டது, வாகனத்துக்குள்ளும் மேலங்கிக்குள்ளும் ஆயுதம் வைத்திருக்க வேண்டிய மெய்க்காவலர்களுக்கு ஏற்றதாகவே. அதுபோல .300 பிளாக்அவுட் தோட்டாவும் ஒன்பது அங்குலக் குழலுக்குள் மருந்து எரிந்து தீரும்படி அமைந்தது. கார் இருக்கையில் அமர்ந்தபடியோ ஒடுங்கிய நடைபாதையிலோ பயன்படுத்த இவற்றுக்கு ஓர் இடம் உண்டு. உங்கள் மச்சானின் பிழை தோட்டாவில்தான்.

தியத்தலாவை (ஆயுதத் திருத்துநர், ஓய்வு):
ஒன்பது மில்லிமீற்றர் பற்றி நீங்கள் கூறியது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எம்.பி. 5 கே தானியங்கி; மெய்க்காவலர் ஆண்டு முழுவதும் பயிற்சி எடுப்பவர். கடையில் விற்கும் ஒவ்வொரு வேட்டாகச் சுடும் வடிவத்தை அதனோடு வைத்துப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பதுளை வாசகி:
இவ்வளவு நேரமும் டெக்சாஸிலேயே நிற்கிறோம். வெலிமடையில் பாத்திக்குக் கீழே இன்னொருவரின் பாத்தி, அதற்குக் கீழே லயம் அல்லது வீதி. சரிவில் கீழ்நோக்கிச் சுடும் ரைபிள் சன்னம் தவறினால் கிலோமீற்றர் கணக்கில் பறந்துபோய் விழக்கூடும், சொட்கனின் எஸ்.ஜி. எனப்படும் பெரிய சிதறு குண்டுகள் சில நூறு மீற்றருக்குள் வலுவிழந்துவிடும். பயிர்க்காவலுக்கு மாவட்டச் செயலாளர் வழியாகச் சொட்கனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வழக்கத்தில், நோக்கம் எதுவாக இருந்தாலும், நமது நிலத்துக்கு ஏற்ற பொருத்தம் இருக்கிறது. கட்டையில்லாத குட்டைத் துப்பாக்கியில் வாய்முனை கைக்கு மிக அருகில் இருப்பதையும், திரும்பும்போது அது எளிதாகப் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடுவதையும் யாரும் குறிப்பிடவில்லை. பனிமூட்டத்தில், ஈரச் சரிவில் வழுக்கியபடி நடக்கும் ஒருவரின் கையில் அதை நான் பார்க்க விரும்பவில்லை.

இன்னொன்று: சுட முடியவில்லை என்பதற்காகக் கம்பிச் சுருக்கு வைத்துவிடாதீர்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அகப்பட்டு இறந்த கருஞ்சிறுத்தை அத்தகைய சுருக்கில்தான் சிக்கியது.

வெலிமடைத் தோட்டக்காரன்:
மிக்க நன்றி. சுருக்கு வைப்பதில்லை, அக்கா, வேலியைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறோம். மச்சானுக்கு ஐயாவின் வேகக் கணக்கை அனுப்பினேன். பத்து அங்குலத்துக்குமேல் குழல் மாற்றினால் போதுமா என்று திருப்பிக் கேட்கிறார்.

ஹூஸ்டனில் ஒரு ஹட்டன்காரன்:
பத்தரை அங்குலத்தில் நிலைமை ஓரளவு தேறும்; தீப்பிழம்பும் குறையும். அதற்குச் செலவிடும் பணத்தில் 16 அங்குலக் குழலும் கட்டையும் உடைய சாதாரண ரைபிளையே வாங்கச் சொல்லுங்கள். செவிக்காப்பை இரட்டையாக அணியவும் சொல்லுங்கள்; அவர் அனுப்பிய காணொளியில் காதில் எதுவும் இருந்ததா?