காற்றுளியா, வளியுளியா, தட்டுளியா? கைந்நூலுக்கு ஒரு சொல் வேண்டும்

மட்டக்களப்பு நகர், மொழிபெயர்ப்பாளர்

அன்புடையீர், வணக்கம்.

நகை வேலையும் உலோகச் செதுக்கு வேலையும் பழகும் பயிலுநர்களுக்காக ஒரு கைந்நூலைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை அதனை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். மற்றப் பாடங்கள் முடிந்துவிட்டன. காற்றின் அமுக்கத்தால் இயங்கும் கைச்செதுக்குக் கருவியைக் குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்வது பற்றிய பாடம் மட்டும், கருவிக்குப் பெயர் அமையாமல் நிற்கிறது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேனாவை விடச் சற்றுத் தடித்த ஒரு பித்தளைக் குழாய்க்குள் சிறிய உருக்கு முசலம் (பிஸ்டன்) ஒன்று முன்னும் பின்னும் ஓடுகிறது. விட்டுவிட்டு வரும் காற்று அதனை உந்த, அது முன்னால் பொருத்தப்பட்ட சிற்றுளியின் அடியில் மோதுகிறது. கை உளியைத் திசைப்படுத்தினால் போதும். வெட்டும் வலுவை மோதலே தருகிறது. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து எம்போரியாவிலுள்ள ஜிஆர்எஸ் நிறுவனத்தின் கருவிகளும் ஸ்டீவ் லின்ட்சே என்னும் செதுக்குக் கலைஞர் வடிவமைத்த ஏர்கிரேவரும் இவ்வகையில் பெயர்பெற்றவை. அவற்றை இறக்குமதி செய்யச் சில இலட்சம் ரூபா வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டாது என்பதனாலேயே இந்தப் பாடம் எழுதப்படுகிறது.

‘காற்றழுத்த விசையால் இயங்கும் கைச்செதுக்குளி’ என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். ஒரு பக்கத்தில் அது பலமுறை வந்தபோது வாசிக்க முடியவில்லை. ஒரு சொல்லில் அமைய வேண்டும். உங்கள் கருத்தை வேண்டி நிற்கிறேன்.

கல்லடி, தமிழாசிரியர்

வணக்கம். ‘வளியுளி’ என்பதே தகும்.

இலங்கைப் பாடநூல்களில் வளி என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது; வளிமண்டலம், வளியமுக்கம் என்பவை பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சொற்கள். வளி, உளி என்னும் இரண்டும் ‘இ ஈ ஐ வழி யவ்வும்’ என்ற நன்னூல் விதிப்படி யகர உடம்படுமெய் பெற்று வளியுளி ஆகும். வளியால் இயங்கும் உளி என்று விரிப்பதனால் இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணத்தில் குறை சொல்ல இடமில்லை.

பொருளிலும் இதற்கு முன்னோடி உண்டு. புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் கரிகாலனின் முன்னோனை ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்கிறார். காற்றைத் தொழிலில் ஏவி ஆண்டவன் என்பது பொருள். அங்கே நாவாய் ஓட்ட ஏவப்பட்ட வளி இங்கே உளியை ஓட்ட ஏவப்படுகிறது. பாடியவர் மட்பாண்டத் தொழில் சார்ந்த பெண் என்பதையும் நினைக்க வேண்டுகிறேன். தொழிலறிந்தவர் வாயில் வந்த சொல்லாட்சி அது.

விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் அவர் அடக்கமான கல்லடியும் நம் கண்முன் இருக்கின்றன. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவர் மண்ணிலிருந்து வரும் நூலில் சொல் செம்மையாக இருக்க வேண்டும் என்று நான் கேட்பது மிகையாகாது.

காரைதீவு, நகைப் பட்டறை நடத்துபவர்

ஆசிரியர் ஐயாவுக்கும் தங்கச்சிக்கும் வணக்கம்.

நான் இந்தக் கருவியைச் செய்து வேலை பார்க்கிறவன் என்பதனால் எழுதுகிறேன். காற்று வெட்டுவதில்லை; தட்டுத்தான் வெட்டுகிறது. ஆகையால் ‘தட்டுளி’ என்று வையுங்கள்.

பொன்னிலும் வெள்ளியிலும் பூவேலை செய்யும்போது குமிழ்ப்பிடியை உள்ளங்கையில் தாங்கிச் சிற்றுளியைத் தள்ளுவது எங்கள் வழக்கம். துருப்பிடிக்காத உருக்கில் அப்படித் தள்ளினால் உளி ஏறாது. ஏறினாலும் திடீரென்று வழுக்கி மறுகையைக் கிழிக்கும். சுத்தியலால் அடித்து வெட்டலாம், ஆனால் ஒரு கையில் உளி, மறு கையில் சுத்தியல் என்றால் வேலைப்பொருளைத் திருப்ப எந்தக் கை இருக்கிறது? சுத்தியல் பிடித்த கையை விடுவித்துக் கொடுப்பதுதான் இந்தக் கருவியின் முழுப் பயனும். விடுபட்ட கை, வேலைப்பொருளைத் தாங்கும் உருண்டைப் பிடியைச் சுழற்ற, வளைவுக் கோடு உடைபடாமல் வருகிறது.

செய்முறையிலும் தட்டே அளவுகோல். முசலம் குழாய்க்குள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க, குழாயை நிமிர்த்தி அடிவாயை விரலால் அடைத்துக்கொண்டு முசலத்தை மேலிருந்து விட வேண்டும். நல்ல பொருத்தமென்றால் அது பாதியிலேயே காற்றின் மேல் நின்றுவிடும், அல்லது மிக மெல்ல இறங்கும். விரலை எடுத்தவுடன் தடையின்றி விழும். விரல் அடைத்திருக்கும்போதே பொத்தென்று விழுந்தால் இடைவெளி கூடிவிட்டது. காற்றுப் பக்கவாட்டில் ஓடித் தட்டு வலுவிழக்கும். விரலை எடுத்தும் விழாவிட்டால் மெருகு போதாது. எத்தனையோ இளைஞர்கள் கொம்பிரசருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாமல், கருவி தட்டவில்லை என்று சொல்லி வருகிறார்கள்.

உளிக்கும் பெரிய செலவு வேண்டாம். மின்சுற்றுப் பலகை துளைக்கும் ஊசித் துளையிகள் முறிந்தால் எறிந்துவிடுகிறார்கள். அவற்றின் தண்டு 3.175 மில்லிமீற்றர் விட்டமுள்ள தங்குதன் காபைட்டு. வைரத் தட்டில் தீட்டி, முகத்தை 45 பாகைக்குச் சற்றுக் கூடுதலாகவும் வெட்டுமுனையை 120 பாகையாகவும் அமைத்து, அடியில் சிறு குதி (நுனியை ஒட்டிச் சாய்த்துத் தீட்டிய சிறு முகம்) எடுத்தால் உருக்கையும் வெட்டும்.

ஒலுவில், பொறியியல் விரிவுரையாளர்

வணக்கம். பட்டறை அண்ணன் சொன்ன விளக்கம் துல்லியமானது. ஆனால் அவர் தரும் பெயரில் எனக்குத் தடை உண்டு. தச்சன் உளியும் கல்லுளியும் தட்டப்படுபவையே. தட்டுளி என்பது வினைத்தொகை. தட்டும் உளி, தட்டப்படும் உளி என இரு வழியும் விரியும். ஆகையால் அது இந்தக் கருவியை மற்ற உளிகளிலிருந்து பிரித்துக் காட்டாது. நாளை மின்காந்தத்தால் தட்டும் கருவி ஒன்றையும் கற்பிக்க நேரும். அதற்கு என்ன பெயர் வைப்போம்? எந்த ஆற்றலால் இயங்குகிறது என்பது பெயரில் இருக்க வேண்டும்.

கைந்நூலுக்கு உதவும் என்பதனால், வீட்டில் செய்யத்தக்க அமைப்புகளையும் குறிப்பிடுகிறேன். முதலாவது, சிறிய கொம்பிரசர் ஒன்றின் வால்வுகளை நீக்கி அதன் வாயைக் குழாய் வழியே நேராகக் கைப்பிடியுடன் இணைப்பது. மோட்டர் சுழலும்போது ஒரே காற்றுத் தொகுதி உந்தப்பட்டும் இழுக்கப்பட்டும் முசலத்தை ஆட்டும். எளிமையானது, ஆனால் தட்டின் வேகம் மோட்டரின் வேகத்தோடு கட்டுண்டது. இரண்டு முனைவுத் தூண்டல் மோட்டர் எங்கள் 50 ஹேட்ஸ் மின்னில் நிமிடத்துக்கு 3,000 சுற்றை எட்டாது. இரண்டாவது, மின்காந்த வால்வு ஒன்றை, 555 எனப்படும் நேரங்கணிக்கும் மின்னணுச் சில்லினால் திறந்து மூடுவது. நொடிக்கு 30 தடவை திறந்தால் நிமிடத்துக்கு 1,800 தட்டு. வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். மலிவான வால்வுகள் மிகுந்த வேகத்தில் பின்தங்கிவிடும். மூன்றாவதில் வால்வே இல்லை. முசலம் ஓடும்போது தானே துளைகளைத் திறந்து மூடித் தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது. இது மிக அழகான ஏற்பாடு. கடைசல் வேலையில் மிகுந்த நுட்பம் கேட்பதும் இதுவே.

காற்றுக்குப் பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசரைப் பயன்படுத்தலாம், சத்தம் குறைவு. ஆனால் அதிலுள்ள குளிரூட்டும் வாயுவைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டே எடுப்பிக்க வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது எளிதில் தீப்பற்றும் ஐசோபியூற்றேன். கொம்பிரசர் தன் எண்ணெயையும் காற்றோடு தள்ளும் என்பதனால் வடிகட்டி இன்றியமையாதது. காற்றுத் தாங்கிக்குப் பீவீசீ குழாயை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; அது வெடித்தால் கூரிய துண்டுகளாகச் சிதறும். இவ்வெச்சரிக்கைகளைத் தடித்த எழுத்தில் போடுங்கள்; பெயர் எதுவானாலும் இவை விடுபடக் கூடாது.

மருதமுனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

ஒருவரும் எண்ணாத ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: ‘காலுளி’. பழந்தமிழில் கால் என்பது காற்றுக்கும் பெயர். இந்தக் கருவியின் தட்டைக் கூட்டவும் குறைக்கவும் தையல் இயந்திரத்தில் உள்ளது போன்ற மிதி ஒன்று உண்டென்று அறிகிறேன். காற்றால் இயங்கிக் காலால் ஆளப்படும் உளி என இரண்டு பொருளும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. சிலேடையாகச் சொல்லவில்லை, கருவியின் இயல்பே அந்தச் சொல்லில் இருக்கிறது.

‘காற்றுளி’ என்று எவரேனும் சொல்லக்கூடும் என்பதனால் முன்கூட்டியே ஒரு தடை. காற்று, உளி சேர்ந்தாலும் காற்றுளி. கால், துளி சேர்ந்தாலும் காற்றுளி. பால், துளி சேர்ந்து பாற்றுளி ஆவதை நோக்குக. கால்பங்குத் துளி என்று பொருள்படும் சொல்லை ஒரு கருவிக்கு இடலாமா?

கல்லடி, தமிழாசிரியர்

மருதமுனைச் சேரின் புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் காலுளி என்றால் பயிலுநர் கால் உளியளவு என்றோ காலில் கட்டும் உளி என்றோதான் கொள்வார். ஒரு சொல்லுக்குப் பழம்பொருள் இருப்பது போதாது. அப்பொருள் இன்று உயிரோடு இருக்க வேண்டும். வளி உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று. எல்லோரும் முசலம், முசலம் என்று எழுதுகிறோம். அது வடமொழியில் உலக்கையின் பெயர். உலக்கை என்றே எழுதினால் என்ன? குழாய் உரல், முசலம் உலக்கை; உலக்கைப் பாட்டுக்கு வள்ளை என்று தனிப்பெயரே வைத்திருந்த மொழிக்கு இது கடன்பட்டுத்தான் வர வேண்டுமா?

ஒலுவில், பொறியியல் விரிவுரையாளர்

ஐயா, முசலத்தை விட்டுவிடுங்கள். உயர்தரப் பௌதிகவியல் படித்த பிள்ளைகள் அந்தச் சொல்லோடு வருகிறார்கள். அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் பாடநூல்களும் பல பத்தாண்டுகளாக ஊன்றிய சொற்களை ஒரு கைந்நூல் பிடுங்கினால், பிள்ளை இரண்டு நூல்களுக்கிடையே தவிக்கும். இதே காரணத்தால், மொழிபெயர்ப்பாளர் அவர்கள் முதல் வரைவில் எழுதிய ‘காற்றழுத்தம்’ என்பதையும் ‘காற்றமுக்கம்’ என்று மாற்ற வேண்டும். தமிழ்நாட்டார் அழுத்தம் என்பதை நாம் அமுக்கம் என்கிறோம். மின்னழுத்தத்தையும் காற்றின் அமுக்கத்தையும் ஒரே பாடத்தில் சொல்ல வேண்டியிருக்கையில் இந்த வேறுபாடு மிகவும் பயன்படும்.

காத்தான்குடி, தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தப்போகிறவன். ஆகையால் ஒரு செய்தியைத் தெரிவிக்க வேண்டும்.

இம்மடல்களில் வந்த சொற்களைப் பயிலுநர்களுக்கு வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். வளியுளியை ஒரு சிலர் ‘வலியுளி’ என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை, கை வலிக்கும் என்பதனாலா இந்தப் பெயர் என்று உண்மையாகவே கேட்டது. இரைச்சலுள்ள பட்டறையில் ஒருவர் மற்றவரிடம் கருவியைக் கேட்டு வாங்கும் சொல் இது. எழுத்தில் செம்மையாக இருந்து காதில் பிழைபடுமானால் அது பட்டறைக்கு உதவாது. காலுளியைக் கேட்டவர்கள் மிதியையே தேடினார்கள். தட்டுளியை எல்லோரும் பிழையின்றி எழுதினார்கள். ஆனால் கல்லுளியைத்தான் நினைத்தார்கள். காற்றுளி என்றதும், காற்றில் வேலை செய்கிற உளியா என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் ஆம் என்றார்கள். மருதமுனைச் சேர் அஞ்சிய துளி எவருக்கும் தோன்றவில்லை. துளி என்ற பொருள் வர, பேசுகிறவர் அளவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். உளிகள் பரப்பிய மேசையில் அது வராது.

மருதமுனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி சொன்ன வகுப்பறைச் சான்றை ஏற்றுக் காலுளியைத் திரும்பப் பெறுகிறேன். காற்றுளியில் சொல் பிரிப்பின் மயக்கம் இருக்கவே செய்கிறது என்ற கருத்து மட்டும் மாறவில்லை. அதனை முதல் தடவை எழுதும் இடத்திலேனும் ‘காற்று உளி’ என்று பிரித்துக் காட்டுங்கள்.

மட்டக்களப்பு நகர், மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்குப் போகும் படியில் ‘காற்றுளி’ என்றே இடுகிறேன். இதுவே மிகச் சிறந்த சொல் என்று என்னால் அறுதியிட முடியவில்லை. ஆனால் பெயர் கேட்ட பிள்ளை கருவியைச் சரியாக எடுத்துக் கொடுப்பதற்கு இது போதும். முதல் வருகையில் பிரித்து எழுதுவேன். முசலம் அப்படியே இருக்கும். அழுத்தம் என்று வந்த இடமெல்லாம் அமுக்கம் ஆகும். கல்லடி ஐயாவின் வளியுளி நூலின் இறுதியிலுள்ள சொற்பட்டியலில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

கல்லடி, தமிழாசிரியர்

பட்டியலில் இடம் தந்ததற்கு நன்றி. என் உடன்பாடின்மை நீங்கவில்லை. காதில் பிழைபடும் சொல்லை உச்சரிக்கப் பழக்குவது வகுப்பின் கடமை. லகர ளகர வேறுபாட்டுக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிட்டால் வளிமண்டலத்தையும் ஒருநாள் கைவிட நேரும். அடுத்த பதிப்பு வருமானால் மீண்டும் எழுதுவேன்.

காரைதீவு, நகைப் பட்டறை நடத்துபவர்

தங்கச்சி, பெயர் காற்றுளி என்றே இருக்கட்டும். ஆனால் பாடத்துக்குள் ‘துடிப்பு’ என்றோ ‘மோதுகை’ என்றோ மாற்றாமல், நிமிடத்துக்கு இத்தனை தட்டு, தட்டின் வலு, தட்டு நின்றால் பார்க்க வேண்டியவை என்று அந்தச் சொல்லையே வைத்திருங்கள். விரலால் அடைத்துப் பார்க்கும் முசலச் சோதனைக்கு ஒரு படமும் வேண்டும். நாளை மாலை பட்டறைக்கு வந்தால் குழாயையும் முசலத்தையும் தனித்தனியே கழற்றி வைத்திருக்கிறேன், படம் எடுத்துக்கொள்ளலாம்.