வண்ண லேசர் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: வாங்கிப் பயன்படுத்துபவர்களின் அனுபவப் பகிர்வு

கணக்குப்பிள்ளை:

சிறிய கணக்கு அலுவலகம் ஒன்றை நடத்திவருகிறேன். அறிக்கைகளையும் படிவங்களையும் வண்ணத்தில் அச்சிடும் தேவை கூடிக்கொண்டே வந்ததால், அச்சு, நகல், ஸ்கேன் மூன்றும் செய்யும் வண்ண லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியோடு வந்த டோனர் (மைக்குப் பதிலாக லேசரில் பயன்படும் வண்ணத் தூள்) தீர்ந்து, தனியாக வாங்கிய டோனரும் பாதிக்கு மேல் ஓடிவிட்ட நிலையில் இதை எழுதுகிறேன். வாங்கும்போது விளம்பரத் தாளில் கண்ணில் படுபவை வேறு, வாங்கிய பின் அன்றாடம் கணக்கில் வருபவை வேறு.

முதலில் டோனர். வண்ண லேசரில் கறுப்பு, சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் என நான்கு கார்ட்ரிட்ஜ்கள் (டோனர் தூள் அடங்கிய பெட்டிகள்) உண்டு. இயந்திரத்தோடு வருபவை பெரும்பாலும் தொடக்க நிலை கார்ட்ரிட்ஜ்கள். கடையில் தனியாக வாங்குவதைவிடக் குறைவான தூளே அவற்றில் இருக்கும். எனவே இயந்திரத்தின் விலையை மட்டும் பார்க்காமல், முழு அளவு டோனர் நான்கின் விலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்த மாடல் உண்மையில் மலிவு என்பது தெரியவரும். ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு மாடல்களில், விலை கூடிய மாடல் மட்டும் அதிகக் கொள்ளளவுள்ள டோனரை ஏற்கும்படி அமைத்திருப்பதும் உண்டு. அத்தகைய இடத்தில், மாதாமாதம் நிறைய அச்சிடுபவருக்கு விலை கூடியதுதான் இலாபம்.

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, வண்ண லேசர்களுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 19798 தரநிலையின்படி அளக்கப்படுவது. அந்தத் தரநிலையின் மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எண்ணுகிறார்கள். ஒவ்வொரு வண்ணமும் பக்கத்தில் ஏறத்தாழ 5 சதவீத இடத்தையே நிரப்பும். நம் அலுவலகங்களிலோ ஒரு பக்கம் அச்சிட்டுவிட்டு அரைமணி நேரம் கழித்து இன்னொரு பக்கம் அச்சிடுகிறோம். ஒவ்வொரு முறை இயந்திரம் உறக்க நிலையிலிருந்து விழிக்கும்போதும் உருளைகள் சுழல்கின்றன; இயந்திரம் அவ்வப்போது தன் வண்ணங்களைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்போதும் சிறிது தூள் செலவாகிறது. அதனால் பெட்டியில் கண்ட எண்ணிக்கை கைக்கு வருவதில்லை. பக்கத்தின் பின்னணி முழுவதும் நீலம் பூசிய விளக்கக்காட்சிகளை அச்சிடுபவர்களுக்கு அந்த எண்ணிக்கை பொருந்தவே பொருந்தாது.

கறுப்பு எழுத்துகளை மட்டுமே அச்சிடும் நாள்களிலும் வண்ண டோனரின் அளவு இறங்குவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஸ்கேன் செய்த தாள், அடர்சாம்பல் நிற எழுத்து, சற்றே நீலம் கலந்த கறுப்பு முத்திரை ஆகியவை வரும்போது, பிரிண்டர் நான்கு வண்ணங்களையும் கலந்தே அந்தக் கறுப்பை உண்டாக்குகிறது. இதற்கு நான் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு எளிது: ஒரே பிரிண்டரைக் கணினியில் இரண்டு பெயர்களில் நிறுவி, ஒன்றை ‘கிரேஸ்கேல்’ (வண்ணமின்றிக் கறுப்பும் சாம்பல் சாயல்களும் மட்டும்) அமைப்போடு இயல்பான தேர்வாகவும், மற்றதை ‘வண்ணம்’ என்ற பெயரோடும் வைத்திருக்கிறேன். வண்ணம் வேண்டுபவர் அதைத் தேடிச் சென்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். அலுவலகத்தில் யாருக்கும் எதையும் அறிவுறுத்தாமலே வண்ணச் செலவு கணிசமாகக் குறைந்துவிட்டது.

ஏட்டுச்சுவடி:

மேலே எழுதிய நண்பர் அச்சைப் பற்றிச் சொன்னார். என் வேலை மொழிபெயர்ப்பு. அச்சிடுவதைவிட ஸ்கேன் செய்வதே அதிகம். ஆல்-இன்-ஒன் வாங்குபவர்கள் ஸ்கேனரைக் கொசுறாக நினைத்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

பார்க்க வேண்டியது மேலே உள்ள தாள் ஊட்டி, அதாவது ஏடிஎஃப். ‘டூப்ளெக்ஸ்’ என்ற சொல் பெட்டியில் இருந்தால் அது அச்சுக்கா ஸ்கேனுக்கா என்று விசாரியுங்கள். தானாகவே இருபுறமும் அச்சிடும் வசதி இப்போது பெரும்பாலான மாடல்களில் உண்டு. இருபுறமும் ஸ்கேன் செய்யும் வசதி அப்படியன்று. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், தாள் ஒருமுறை உள்ளே சென்று, திரும்பி, மறுபக்கத்திற்காக மீண்டும் செல்லும். நேரமும் கூடும், பழைய தாள்கள் கசங்கவும் கூடும். மற்றதில் இரண்டு உணரிகள் இருப்பதால், தாள் ஒரே ஓட்டத்தில் இருபுறமும் படிக்கப்பட்டு வெளியே வந்துவிடும். ஒப்பந்தங்கள், பத்திரங்கள் போன்றவற்றைக் கட்டுக்கட்டாக ஸ்கேன் செய்பவர்கள் இந்த இரண்டாம் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

தடித்த நூல்களை ஸ்கேன் செய்பவர்களுக்கு வேறொன்று. இந்த விலைநிலையில் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலும் சிஐஎஸ் வகை உணரியே இருக்கும். அது கண்ணாடியை ஒட்டிய தாளை மட்டுமே தெளிவாகப் படிக்கும். நூலின் நடுத் தையலருகே பக்கம் சற்று மேலெழும் இடத்தில் எழுத்து மங்கிவிடும். இது பழுதன்று, அந்த உணரியின் இயல்பு. படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டிய தமிழ்ப் பக்கங்களை நான் 300 டிபிஐ-இல் (ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள்), கிரேஸ்கேலில் எடுக்கிறேன். வெறும் கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் சில மறைந்தும், தாளின் அழுக்குகள் சில புதிய புள்ளிகளாகியும் வந்துநிற்கின்றன.

பலரை அலைக்கழிக்கும் ஒரு சிறு சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். தாள் ஊட்டி வழியாக எடுத்த ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று விழும். அதே தாளைக் கண்ணாடியின் மேல் வைத்து எடுத்தால் கோடு இராது. பெரிய கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் அது போகாது. காரணம், பெரிய கண்ணாடியின் பக்கத்தில், விரல் அகலமே உள்ள தனிக் கண்ணாடிப் பட்டை. ஊட்டி வழியே வரும் தாள் நகர்ந்துகொண்டிருக்க, உணரி அந்தப் பட்டைக்கு அடியில் நின்றபடி படிக்கிறது. எனவே கடுகளவு பசைத் துளியோ திருத்தும் வெள்ளை மையோ அங்கே ஒட்டியிருந்தால், அது பக்கம் நெடுகக் கோடாக இழுபடுகிறது. பட்டையைச் சாய்வாகப் பார்த்து, விரல் நுனியால் மெல்லத் தடவினால் துளி தட்டுப்படும். சற்றே ஈரமான, நூல் பிரியாத துணியால் துடைத்தால் போதும். இரண்டு உணரி உள்ள இயந்திரத்தில் கோடு பின்பக்கத்தில் மட்டும் விழுமானால், துடைக்க வேண்டிய பட்டை ஊட்டிக்குள் இருக்கிறது.

உருளை:

பழுது பார்க்கும் பக்கத்திலிருந்து சில செய்திகள். அலுவலக இயந்திரங்களைப் பிரித்துச் சேர்ப்பது என் தொழில்.

வாங்குவதற்கு முன் ‘டோனர் விலை என்ன’ என்று கேட்பவர்கள், ‘டிரம் எங்கே இருக்கிறது’ என்று கேட்பதில்லை. டிரம் என்பது ஓர் உருளை; லேசர் ஒளி படமாக எழுதுவது இதன் மேல்தான். மின்னூட்டம் பெற்ற தூள் அதில் ஒட்டி, இடைமாற்றுப் பட்டை வழியாகவோ நேரடியாகவோ தாளுக்கு மாறி, பின்னர் ஃப்யூசர் என்ற சூடேறும் பகுதியின் சூட்டில் உருகித் தாளோடு ஒன்றுகிறது. டிரம் தேயும் பொருள். ப்ரதர் நிறுவனத்தின் வண்ண இயந்திரங்களில் டோனரும் டிரம்மும் தனித்தனியே மாற்றப்படுகின்றன. ஹெச்பி, கேனன் ஆகியவற்றின் சிறு அலுவலக மாடல்கள் பலவற்றில் டிரம் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. முதல் வகையில் டோனர் மலிவாகத் தெரியும், ஆனால் ஒருநாள் டிரம் செலவு மொத்தமாக வந்து நிற்கும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு முறையும் சற்று அதிகம் கொடுக்கிறோம், டோனரோடு டிரம்மும் புதிதாகிவிடுகிறது. குறைவாக அச்சிடும் வீடுகளுக்கு இரண்டாம் வகை தொல்லை குறைந்தது என்பேன். நிறைய அச்சிடும் அலுவலகத்துக்கு முதல் வகை கட்டுப்படியாகும். எதுவானாலும் இடைமாற்றுப் பட்டை, கழிவு டோனர் பெட்டி ஆகியவற்றை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா, அவை தனியாகக் கிடைக்கின்றனவா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பக்கத்தில் ஒரே புள்ளி ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், அளவுகோலை வைத்து அந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துவிட்டு என்னைப் போன்றவர்களை அழையுங்கள். ஒவ்வோர் உருளைக்கும் சுற்றளவு வேறு. இடைவெளி எந்த உருளையின் சுற்றளவோடு ஒத்துப்போகிறதோ அதுவே குற்றவாளி. புள்ளி எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். மெஜந்தா நிறத்தில் மட்டும் விழும் புள்ளிக்காக நான்கு கார்ட்ரிட்ஜ்களையும் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். விலை குறைந்த சில மாடல்களில் கறுப்பில் நிமிடத்திற்கு 18 பக்கம் என்றும் வண்ணத்தில் 4 பக்கம் என்றும் போட்டிருக்கும். அவற்றில் நான்கு வண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சுற்றில் இடைமாற்றுப் பட்டையின் மேல் ஏற்றப்படுகின்றன. நான்கு டிரம்களும் வரிசையாக நின்று ஒரே ஓட்டத்தில் வேலை செய்யும் இயந்திரத்தில் இரண்டு வேகங்களும் சமமாகவோ கிட்டத்தட்ட சமமாகவோ இருக்கும். மாதத்தில் சில வண்ணப் பக்கங்கள் மட்டும் எடுக்கும் வீட்டிற்கு முதல் வகையே தாராளம். இடமும் குறைவாகவே பிடிக்கும். இரண்டாம் வகை பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். ஒருவர் தனியே தூக்க வேண்டாம். மெல்லிய கால்களுள்ள மேசையிலும் வைக்க வேண்டாம்.

டோனர் கொட்டிவிட்டால் வெந்நீரில் துடைக்காதீர்கள். தூள் பெரும்பகுதியும் பிளாஸ்டிக்; சூடு பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணி, பிறகு குளிர்ந்த நீர். வீட்டு வேக்குவம் கிளீனரும் ஆகாது. சில மைக்ரான் அளவே உள்ள துகள்கள் அதன் வடிகட்டியைத் தாண்டி அறைக்குள் பறந்துவிடும்.

காகிதப்பூ:

வீட்டுக்காகத் தேடுபவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்து. குழந்தைகளின் புகைப்படங்களை அச்சிடுவதே நோக்கம் என்றால் வண்ண லேசரை விட்டுவிடுங்கள்; அதற்கு இங்க்ஜெட்தான் பொருத்தம். லேசரில் வரைபடம், எழுத்து, அட்டவணை ஆகியவை கூர்மையாக வரும், முகத்தோலின் மென்மையான நிறமாற்றங்கள் வருவதில்லை. இங்க்ஜெட்டுக்கென்று விற்கும் பளபளப்பான புகைப்படத் தாளை லேசரில் போடவும் கூடாது. அதன் பூச்சு ஃப்யூசரின் சூட்டில் உருகி உருளையில் ஒட்டினால் செலவு பெரிது. ஆனால் வாரக்கணக்கில் அச்சிடாமல் கிடந்து, தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் பத்துப் பக்கம் கேட்கும் வீடுகளில், முனை உலர்ந்து அடைத்துக்கொள்ளும் மையைவிட உலராத தூளே நிம்மதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் லேசர் இருப்பது அதற்காகவே.

வலைக்கண்:

இணைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. புதிய வைஃபை ரௌட்டர் வாங்கியதும் பிரிண்டர் காணாமல் போய்விட்டது என்று புலம்புபவர்களில் பலருடைய பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்தது. நிலையான மேசையில் இருக்கப்போகும் இயந்திரம் என்றால் ஈதர்நெட் துளை உள்ளதாகப் பார்த்து, கம்பி வழியே இணைத்துவிடுவதே நல்லது. கைப்பேசியிலிருந்து அச்சிட ஏர்பிரிண்ட் (ஆப்பிள் கருவிகளுக்கானது), மோப்ரியா (ஆண்ட்ராய்டுக்கானது) இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனத்தின் தனிச் செயலி ஒருநாள் நின்றுபோனாலும் இவை கைகொடுக்கும்.

பழைய இயந்திரத்தைக் கைமாற்றாக வாங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் செய்ததை நேராகக் கணினியின் கோப்புறைக்கு அனுப்பும் வசதி பல பழைய மாடல்களில் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பை நம்பியிருக்கிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது பாதுகாப்புக் காரணமாக இயல்பாக நிறுவப்படுவதில்லை. மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதியும் அப்படித்தான்: கூகுள் 2022 மே மாத இறுதியில் வெறும் கடவுச்சொல்லால் நுழையும் பழைய முறையை நிறுத்தியபோது, என் வாடிக்கையாளர் ஒருவரின் இயந்திரம் ஒன்றும் சொல்லாமல் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுத்துக் கொடுத்த பிறகே வேலை செய்தது. அத்தனை சிரமம் வேண்டாதவர்கள், யுஎஸ்பி குச்சியில் நேராகச் சேமிக்கும் மாடலைத் தேடலாம்.

ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பின் வேற்று நிறுவன டோனரை ஏற்க மறுக்கும் இயந்திரங்களும் உண்டு. நிரப்பிய கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் வாங்குவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பை முடக்கிவைப்பது ஒரு வழிதான் என்றாலும், வலையமைப்பில் இருக்கும் இயந்திரத்தைப் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

அனைவருக்கும் நன்றி. கண்ணாடிப் பட்டைச் செய்தியைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். தாள்முள் துரு ஒரு துளி ஒட்டியிருந்தது.

பிரிண்டரை யுபிஎஸ்ஸில் இணைக்கலாமா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். வேண்டாம். ஃப்யூசர் சூடேறும் நொடிகளில் வண்ண லேசர் 1000 வாட்டுக்கு மேலும் இழுக்கக்கூடும். கணினிக்கென்று வாங்கிய சிறிய யுபிஎஸ் அதைத் தாங்காது, தயாரிப்பாளர்களின் கையேடுகளும் அதைத் தவிர்க்கவே சொல்கின்றன. நேராகச் சுவர்த் துளையில், தனியாக இணையுங்கள். அச்சிடும்போது நுண்துகள்கள் வெளிப்படுவதால், வெளியேற்றும் காற்று யார் முகத்துக்கும் நேராக வராதபடியும், அறைச் சன்னல் திறக்கக்கூடியதாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் அளக்கும்போது அடிப்பரப்போடு நிறுத்திவிடாமல், ஸ்கேனர் மூடி முழுவதும் திறக்கும் உயரத்தையும், ஜாம் ஆன தாளை எடுக்கப் பின்கதவு திறக்க வேண்டிய இடத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.